மேட்ச் என்னிக்கு? பகலா, ராத்திரியா? விளக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்த ஹெர்பர்ட் சாப்மன்

ஒரு கால்பந்து கிளப் தன் சொந்த மைதானத்தில் எந்தக் கிழமை, எந்த நேரத்தில் ஆடவேண்டும்? கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குச் செவ்வாயும் வியாழனும். ஈரோடு ஜவுளிச் சந்தை என்றால் திங்கள் ராத்திரியே களைகட்டி செவ்வாய் வரை நடக்கும். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை இருக்கு, நாமக்கல் பக்கம் புதன்சந்தை இருக்கு. கிழமையே ஊர்ப்பேர் ஆகிவிட்டது. நாள் தெரியாமல் சந்தை கூட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

கால்பந்துக்கும் அதே கணக்குத்தான். யாருக்கு என்றைக்கு லீவு, எத்தனை மணிக்கு வேலை முடியுது, அப்போது வெளிச்சம் இருக்குமா என்பதைப் பொறுத்துத்தான் மைதானம் நிரம்பும். இந்தக் கணக்கை 90 ஆண்டுகளுக்கு முன்பே சரியாகப் போட்டவர் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் சாப்மன். ஆர்சனல் கிளப்பின் புகழ்பெற்ற மேனேஜர். வேலை நாளில் ராத்திரி மேட்ச் நடத்தலாம் என்று மைதானத்தில் விளக்கே போட்டு வைத்தார். அந்த விளக்கில் ஒரு போட்டி ஆட்டத்தைக்கூடப் பார்க்காமலே இறந்துபோனார். யார் இவர்? ஏன் விளக்கு? ஏன் விடவில்லை?

சுரங்க ஊரில் பிறந்தவர்

சாப்மன் பிறந்தது 1878 ஜனவரி 19 அன்று. ஊர் கிவெட்டன் பார்க். ஷெஃபீல்டு நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிலக்கரிச் சுரங்கக் கிராமம். அப்பா சுரங்கத் தொழிலாளி. அந்த ஊரில் பிறந்த பையன்கள் பெரும்பாலும் சுரங்கத்துக்குள் இறங்குவதுதான் வழக்கம். சாப்மன் படிப்பில் கெட்டி. ஷெஃபீல்டில் சுரங்கப் பொறியியல் படித்தார். பக்கத்திலேயே பந்தும் விளையாடினார்.

அவர் பிறந்த அதே 1878-ல், அதே ஷெஃபீல்டில் ஒரு அதிசயம் நடந்தது. அக்டோபர் 14, திங்கட்கிழமை ராத்திரி, பிராமல் லேன் மைதானத்தில் மின்விளக்கு வெளிச்சத்தில் கால்பந்து ஆடினார்கள். வீட்டில் மின்சார பல்பு என்பதே இல்லாத காலம் அது. நாலு மூலையிலும் உயரமான மரக்கட்டைக் கோபுரம் கட்டி, அதில் விளக்குகளை ஏற்றி, நீராவி எஞ்சின் ஓட்டி டைனமோ மூலம் மின்சாரம் எடுத்தார்கள். கூட்டம் அள்ளியது. ராத்திரி ஆட்டத்துக்கு ஆள் வரும் என்பது அன்றைக்கே நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் இங்கிலாந்தில் முறையான லீக் ஆட்டம் ஒன்று விளக்கு வெளிச்சத்தில் நடக்க அதற்குப் பிறகு 77 வருஷத்துக்கு மேல் ஆனது. சாப்மனின் வாழ்நாள் கிட்டத்தட்ட முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே முடிந்துவிட்டது.

சனிக்கிழமை எப்படி வந்தது?

இங்கிலாந்தில் கால்பந்து என்றால் சனிக்கிழமை மத்தியானம். இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பஞ்சாலைதான் முடிவு செய்தது. 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டப்படி, ஜவுளி ஆலைகளில் பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆலையே மூடியது. தொழிலாளிக்கு முதல்முறையாக வாரத்தில் ஒரு அரை நாள் கையில் கிடைத்தது. ஞாயிறு சர்ச்சுக்குப் போகும் நாள். அன்றைக்கு விளையாட்டுக்கு இடமில்லை. மிச்சம் இருந்தது சனி மத்தியானம்தான். கால்பந்து அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

எல்லோருக்கும் சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. ஷெஃபீல்டில் கத்தி, அரம் செய்யும் சிறுபட்டறைக்காரர்களில் சிலருக்குப் புதன்கிழமைதான் அரைநாள் ஓய்வு. அவர்கள் 1820-ல் ஒரு கிரிக்கெட் கிளப் ஆரம்பித்தார்கள். ஆடும் கிழமையையே பேராக வைத்தார்கள். அதே கிளப்பில் 1867-ல் கால்பந்து அணி உருவானது. இன்றைக்கும் ஷெஃபீல்டு வெட்னஸ்டே என்ற பேரில் அந்த அணி ஆடிக்கொண்டிருக்கு. நம்ம புதன்சந்தை மாதிரியேதான். கிழமை மாறினாலும் பேர் நின்றுவிட்டது. இந்த அணியின் பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வரும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கிளப்புகள் பெருகி, ஆட்டங்கள் கூடக்கூட சனிக்கிழமை மட்டும் போதவில்லை. வாரத்தின் நடுவிலும் ஆட வேண்டி வந்தது. குளிர்காலத்தில் லண்டனில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். விளக்கு இல்லை. ஆகவே வேலை நாளில், மத்தியானம் 2 மணி வாக்கில் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் யார் வர முடியும்? ஆலையில் நிற்பவர் வர முடியாது. சுரங்கத்துக்குள் இருப்பவர் வர முடியாது. வேலையைப் போட்டுவிட்டு வந்தால் கூலி போகும். கால்பந்தின் உயிரே தொழிலாளர் கூட்டம்தான். அவர்களுக்கே கதவைச் சாத்திவிட்டு ஆட்டம் நடந்தது.

ஷிஃப்ட் நேரம் தெரிந்தவர்

ஆட்டக்காரராக சாப்மன் பெரிய ஆள் இல்லை. ஊர் ஊராக, கிளப் கிளப்பாகச் சுற்றினார். கால்பந்தை விட்டுவிட்டு பொறியாளர் வேலைக்கே போய்விடலாம் என்ற நிலையில்தான் 1907-ல் நார்த்தாம்ப்டன் டவுன் அணியின் மேனேஜர் ஆனார். கடைசி இடத்தில் கிடந்த அணி அது. இரண்டே ஆண்டில் 1908-09 சதர்ன் லீக் பட்டத்தை வென்றது. 1912-ல் லீட்ஸ் சிட்டி அணிக்குப் போனார்.

முதல் உலகப் போர் வந்ததும் சாப்மன் லீட்ஸ் பக்கம் பார்ன்போவில் இருந்த வெடிகுண்டுத் தொழிற்சாலையில் நிர்வாகப் பொறுப்புக்குப் போனார். அங்கே வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இரவு பகலாக மூணு ஷிஃப்ட். ஒரு கூட்டம் உள்ளே போகும்போது இன்னொரு கூட்டம் வெளியே வரும். கோவை மில் கேட்டில் சங்கு ஊதும் நேரத்தில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சியைத் தனியாக வர்ணிக்க வேண்டாம்.

போர் முடிந்ததும் பேரிடி. போர்க்காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்ததாக லீட்ஸ் சிட்டி மீது புகார். கணக்குப் புத்தகத்தைக் காட்ட கிளப் மறுத்தது. 1919 அக்டோபரில் கிளப்பையே லீக்கிலிருந்து தூக்கினார்கள். ஆட்டக்காரர்களை ஒரு ஹோட்டலில் வைத்து ஏலம் போட்டார்கள். சாப்மனுக்கும் தடை விழுந்தது. கொஞ்ச காலம் ஒரு ஆலையில் வேலை பார்த்தார். அந்த வேலையும் போனது. நாற்பதைத் தாண்டிய வயதில், கால்பந்தும் இல்லை, வேலையும் இல்லை.

தூக்கிவிட்டது ஹடர்ஸ்ஃபீல்டு. தவறு நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் சாப்மன் கிளப்பில் இல்லை, தொழிற்சாலையில் இருந்தார் என்று எடுத்துச்சொல்லி மேல்முறையீடு செய்ய அந்தக் கிளப் உதவியது. தடை நீங்கியது. 1921-ல் அங்கே மேனேஜர் ஆனார்.

மில் ஊரின் பொற்காலம்

ஹடர்ஸ்ஃபீல்டு கம்பளித் துணிக்குப் பேர்போன மில் ஊர். லண்டன் மாதிரி பெரிய நகரம் இல்லை. சினிமா, நாடகம் என்று பணக்காரப் பொழுதுபோக்கும் குறைவு. ஒரு வாரம் முழுக்கத் தறி ஓட்டியவர் சனிக்கிழமை மத்தியானம் போவதற்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை சாப்மன் பார்க்கத் தகுந்ததாக ஆக்கினார். 1922-ல் எஃப்.ஏ. கோப்பை. 1923-24, 1924-25 என்று தொடர்ந்து இரண்டு லீக் பட்டம். அவர் போன பிறகும் அதே அணி மூன்றாவது பட்டத்தை வென்றது. தொடர்ந்து மூன்று முறை லீக் வென்ற முதல் அணி அதுதான்.

1925-ல் ஆர்சனல் ஒரு பத்திரிகையில் மேனேஜர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. சாப்மன் லண்டனுக்குக் கிளம்பினார்.

ஆர்சனலும் தொழிலாளர் கிளப்பாகப் பிறந்ததுதான். 1886-ல் ஊல்விச் ஆயுதத் தொழிற்சாலை தொழிலாளர்கள் ஆரம்பித்தது. அங்கே கூட்டம் சேரவில்லை என்று 1913-ல் வடக்கு லண்டனின் ஹைபரி பகுதிக்கு மாறியது. அந்த இடத்தைப் பிடித்ததற்கு முக்கியமான காரணம் பக்கத்திலேயே இருந்த சுரங்க ரயில் நிலையம். ஜனங்கள் வந்துபோக வசதி இருந்தால்தான் கிளப் பிழைக்கும் என்று ஆர்சனல் அனுபவத்தில் கற்றிருந்தது. அந்தப் பாடத்தை சாப்மன் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்.

பார்க்க வருகிறவருக்காக

சாப்மன் என்றாலே பலரும் சொல்வது ஆட்ட உத்திகளைத்தான். 1925-ல் ஆஃப்சைடு விதி மாறியதும், நடுக்கள வீரர் ஒருவரைத் தடுப்புக்கு இறக்கி அவர் அமைத்த அணிவகுப்பு உலகம் முழுக்கப் பரவியது. 1930-ல் எஃப்.ஏ. கோப்பை, இறுதி ஆட்டத்தில் எதிரணி அவருடைய பழைய ஹடர்ஸ்ஃபீல்டு. 1930-31, 1932-33 லீக் பட்டங்கள். இதெல்லாம் வரலாற்றில் இருக்கு.

ஆனால் அவர் செய்த மற்ற காரியங்களைச் சேர்த்துப் பாருங்கள். 1928-ல் ஆட்டக்காரர் சட்டையில் எண் போட்டார். காலரியில் தூரத்தில் நிற்பவருக்கும் யார் யார் என்று தெரியவேண்டுமே! மைதானத்தில் 45 நிமிஷத்தைக் காட்டும் பெரிய கடிகாரம் வைத்தார். நடுவரின் அதிகாரத்தில் தலையிடுவதாக ஃபுட்பால் அசோசியேஷன் ஆட்சேபித்தது. சாதாரண கடிகாரமாக மாற்ற வேண்டி வந்தது. சட்டையின் கைக்கு வெள்ளை நிறம் கொடுத்தார். 1932-ல் ரயில் நிலையத்தின் பேரையே கில்லஸ்பி ரோடு என்பதிலிருந்து ஆர்சனல் என்று மாற்ற வைத்தார். லேசுப்பட்ட வேலையா அது? டிக்கெட், வரைபடம், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் ரயில்வே மாற்ற வேண்டியிருந்தது.

எண்ணும் கடிகாரமும் ரயில் நிலையமும் காசு கொடுத்து வருகிற மனுஷருக்காகத்தான். எப்படி வருவார், எங்கே நிற்பார், எதைப் பார்ப்பார் என்ற மூணுக்கும் சாப்மன் வழி செய்தார். மிச்சம் இருந்தது நாலாவது கேள்வி: எப்போது வருவார்?

விளக்கு வந்தது, அனுமதி வரவில்லை

1930-ல் பெல்ஜியத்தில் விளக்கு வெளிச்சத்தில் நடந்த ஒரு ஆட்டத்தை சாப்மன் பார்த்தார். அதிலிருந்து ராத்திரி ஆட்டத்துக்காக வாதாட ஆரம்பித்தார். வேலை முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வேலை நாள் மாலையிலும் ஒருவர் மேட்ச் பார்க்கலாம். கூலி போகாது. கிளப்புக்கும் நல்ல வசூல். சனிக்கிழமை ஒன்றையே நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

அதே 1930-ல் ஃபுட்பால் அசோசியேஷன் எதிர்த்திசையில் போனது. தன் கீழுள்ள கிளப்புகள் விளக்கு வெளிச்சத்து ஆட்டங்களில் கலந்துகொள்ளக்கூடாது என்று தடை போட்டது.

சாப்மன் விடவில்லை. 1932-ல் ஹைபரியில் புதிய மேற்கு ஸ்டாண்ட் கட்டியபோது அதில் ஃபிளட்லைட்டும் பொருத்தினார். எரிந்தது. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஆனால் பயிற்சிக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். போட்டி ஆட்டத்துக்கு ஆகாது. ஊரில் மின்கம்பம் நட்டு, கம்பி இழுத்து, மீட்டரும் மாட்டிவிட்டு, இணைப்பு மட்டும் கொடுக்காமல் விட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இதே 1930-களின் தொடக்கத்தில்தான் கோவைக்கு நீலகிரி பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மில்கள் வரிசையாக முளைத்தன. கோவையில் மின்சாரம் வந்ததும் ராத்திரி வேலைக்கு வழி பிறந்தது. ஹைபரியில் அதே மின்சாரத்தைக் கொண்டு ராத்திரி விளையாட்டுக்கு வழி தேடினார் சாப்மன். வேலைக்கு எரிந்த விளக்கை விளையாட்டுக்கு எரியவிட இங்கிலாந்தில் மேலிடம் சம்மதிக்கவில்லை.

கடைசி வாரம்

1933 முடியும்போது ஆர்சனல் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 1934 புத்தாண்டு திங்கட்கிழமை. சாப்மனுக்குச் சளி பிடித்திருந்தது. ஆனாலும் அன்றைக்கு வடக்கே பரி ஊருக்கு ஒரு ஆட்டம் பார்க்கப் போனார். மறுநாள் செவ்வாய் ஷெஃபீல்டு. வரும் சனிக்கிழமை ஹைபரிக்கு வரப்போகும் அணியை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்பது நோக்கம். லண்டன் திரும்பியபோது காய்ச்சல். டாக்டர் சொன்னதைக் கேட்காமல் புதன்கிழமை ஆர்சனலின் மூன்றாம் அணி கில்ஃபோர்டில் ஆடியதைப் பார்க்கப் போனார். ஜனவரி மாதக் குளிரில், திறந்தவெளியில்.

நிமோனியா ஆனது. பென்சிலின் இன்னும் மருந்தாக வராத காலம். 1934 ஜனவரி 6 அதிகாலை, ஹெண்டனில் தன் வீட்டில் சாப்மன் இறந்தார். வயது 55. அன்றைக்குச் சனிக்கிழமை. ஆட்டத்தைத் தள்ளி வைக்கவில்லை. மத்தியானம் ஹைபரியில் வழக்கம்போல ஆர்சனல் ஆடியது. எதிரணி, அவர் செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டு வந்த ஷெஃபீல்டு வெட்னஸ்டே. செய்தி தெரியாமல் மைதானத்துக்கு வந்தவர்கள் வழியில் பத்திரிகை விற்பவர்களிடம்தான் தெரிந்துகொண்டார்கள். ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது.

அந்த சீசன் பட்டமும், அடுத்த சீசன் பட்டமும் ஆர்சனலுக்கே.

17 வருஷம் கழித்து

விளக்குத் தடையை ஃபுட்பால் அசோசியேஷன் 1950-ல் விலக்கியது. 1951 செப்டம்பர் 19, புதன்கிழமை ராத்திரி. ஹைபரியில் இஸ்ரேலின் ஹப்போயல் டெல் அவீவ் அணியுடன் ஆர்சனல் விளக்கு வெளிச்சத்தில் ஆடியது. நட்பு ஆட்டம்தான், ஆனாலும் 40 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். வேலை நாளில்! சாப்மன் இறந்து 17 ஆண்டு ஆகியிருந்தது.

முதல் லீக் ஆட்டம் விளக்கில் நடந்தது 1956 பிப்ரவரி 22 அன்று, போர்ட்ஸ்மத் - நியூகாசில். அதுவும் புதன்கிழமை. இதற்கிடையே 1955-ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பைப் போட்டி பிறந்துவிட்டது. வார நடுவில் ராத்திரி ஆட்டம் என்ற ஏற்பாடு இல்லாமல் அப்படி ஒரு போட்டியே சாத்தியமில்லை. இன்றைக்கு நம்ம ஊர்ப் பையன்கள் நடுராத்திரி கண்விழித்துப் பார்க்கும் சாம்பியன்ஸ் லீக் அதன் வாரிசு.

சின்ன கிளப்புகளுக்கும் விளக்கு வழிவிட்டது. லிவர்பூலும் எவர்ட்டனும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சனிக்கிழமை கூட்டத்தை அள்ளிக்கொண்டு போவதால், டிரான்மியர் ரோவர்ஸ் தன் சொந்த ஆட்டங்களை வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டது. பெரிய கடைக்கு எதிரே கடை போடாமல், அந்தக் கடை சாத்தியிருக்கும் நேரத்தில் வியாபாரம் செய்கிற புத்தி.

1974 ஜனவரியில் இன்னொரு வேடிக்கை. நிலக்கரித் தட்டுப்பாட்டால் பிரிட்டனில் மின்சாரக் கட்டுப்பாடு. விளக்கு போடக்கூடாது. ராத்திரி ஆட்டம் போச்சு. வேறு வழியில்லாமல் அதுவரை தொடாத ஞாயிற்றுக்கிழமையில் முதல்முறையாகத் தொழில்முறை ஆட்டங்களை நடத்தினார்கள். மின்வெட்டுக்குத் தகுந்தபடி ஷிஃப்டை மாற்றிப் பழகிய கோவை பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

கோவைக்கு இதில் என்ன?

கோவை நேரு ஸ்டேடியம் ஒரு சீசன் இந்தியக் கால்பந்தின் உச்சத்தைப் பார்த்தது. 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணி தன் சொந்த ஆட்டங்களை இங்கேதான் ஆடியது. 2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வீழ்த்தி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்திப் பட்டம் வென்றது. ஆட்டம் தொடங்கியது மாலை 5 மணிக்கு. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு அணியின் முடிவைப் பார்த்து இன்னொன்று ஆடக்கூடாது என்பதற்காகக் கடைசி நாள் ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைப்பது வழக்கம்.

இப்போதெல்லாம் நாளையும் நேரத்தையும் பெரும்பாலும் டிவி அட்டவணைதான் தீர்மானிக்குது. மைதானத்துக்கு வருகிறவரின் வேலை நேரத்தைப் பார்த்து முடிவு செய்வது குறைவு. திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் வாரச் சம்பளம் கைக்கு வரும். ஞாயிறு லீவு. மில்லில் இருப்பவருக்கு ஷிஃப்ட் முறை. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி. பட்டறையில் ஆர்டர் வந்தால் ஓவர்டைம். வேலை நாள் மாலை 5 மணி ஆட்டம் என்றால் இவர்களில் யாரும் வரமுடியாது. 7.30 என்றால் சிலர் வரலாம். ஆனால் சோமனூருக்கோ அன்னூருக்கோ திரும்பிப் போக ராத்திரி பஸ் இருக்கவேண்டும்.

வரும் நாட்களில் கோவையில் மறுபடி ஒரு கிளப் சொந்த மைதானம் என்று வந்து இறங்கினால், அட்டவணை போடுகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவைதான்: சம்பள நாள் என்றைக்கு, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியுது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. விளக்கு இங்கே ஏற்கெனவே இருக்கு. அதை எரியவிட யாரும் தடை போடப்போவதில்லை.